கவாத்துக்கு ஒரு கத்தரி

என் மனைவி இறப்பதற்கு ஆறு நாள்களுக்கு முன் திராட்சைத் தோட்டத்துக்குத் தண்ணீரை நிறுத்தியிருந்தாள். கவாத்துக்கு, அதாவது கொடியைக் கத்தரிப்பதற்கு, முன்பு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். கொடி சற்று வாட வேண்டும். இலை பழுக்க வேண்டும். பிறகு குறித்த நாளில் பந்தல் முழுவதையும் கத்தரித்து, உரம் வைத்து, தண்ணீரைத் திறந்துவிட்டால், கணுக்களில் வெட்டாமல் விட்ட கண்களிலிருந்து துளிரும் அதனுடன் பூங்கொத்தும் வெளிவரும். தண்ணீரை நிறுத்திவிட்டுக் கத்தரிக்காமல் விட்டால் கொடி பட்டினி கிடக்கும். அதற்குள் மழை பெய்துவிட்டால் தன் போக்கில் நுனிகளில் துளிர்க்கும். பழைய இலையிலிருக்கும் நோய் அந்தத் துளிரில் ஏறும். அந்த வெள்ளாமை போய்விடும். கொடிகளில் பலவும் போய்விடும்.

இவ்வளவையும் அவள் இறந்த பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன். கம்பத்துக்கும் சுருளிப்பட்டிக்கும் இடையில் அவளுடைய அத்தா, என் மாமனார், அவளுக்குக் கொடுத்த நாற்பது சென்ட் நிலம் அது. பதினொரு வரிசையில் இருநூற்றிருபது பன்னீர்த் திராட்சைக் கொடிகளை அவளே நட்டு, பத்தொன்பது ஆண்டுகள் காய்க்க வைத்தாள். நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தேன். விடுமுறை நாள்களில் அவளுடன் தோட்டத்துக்குப் போவேன். கிணற்றருகே நாற்காலி போட்டு அமர்ந்து படிப்பேன். “சாருக்கு மொதல்ல டீயக் குடுங்கடி. பாவம், பக்கம் பக்கமாத் திருப்பிக் கையி கடுக்கும்” என்று வேலைக்கு வந்த பெண்களிடம் சொல்வாள். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவேன்.

அவளுக்குக் காய்ச்சல் இரண்டே நாள்தான். மூன்றாம் நாள் விடியற்காலையில் மூச்சு நின்றது. அன்று பிற்பகலில் பள்ளிவாசல் மையவாடியில் அடக்கம் செய்தோம்.

கவாத்துக்கு அவள் குறித்துவைத்திருந்த நாளும், அவளுக்காக வீட்டில் மூன்றாம் நாள் பாத்திஹா ஓதும் நாளும் ஒன்றாக அமைந்தன. அன்று காலை சுருளிப்பட்டியிலிருந்து கவாத்துக் குழுவினர் எட்டுப் பேர் வாசலில் வந்து நின்றார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் துணியில் சுற்றிய கத்தரி இருந்தது. குழுவின் தலைவி என் மனைவியைவிட நான்கைந்து வயது மூத்தவர். பத்தொன்பது ஆண்டுகளாக எங்கள் தோட்டத்துக்கு வருபவர். அவர் மட்டும் முன்னால் வந்தார்.

“வேலைக்கு வந்ததா நெனைக்காதீக சார். மொகத்தப் பாத்துட்டுப் போகத்தேன் வந்தோம். ஆனா அம்மா குறிச்ச நாளு இது. நீங்க ‘ம்’முன்னா இப்படியே தோட்டத்துக்குப் போயிருவோம். ரெண்டு நாளுல முடிச்சுருவோம்.”

“இன்னைக்கு வேண்டாம்மா” என்றேன்.

“இன்னைக்கு விட்டா எங்களுக்கு வேற நாளு இல்ல சார். நாளன்னைக்கு ஓடைப்பட்டிப் பக்கம் ஒத்துக்கிட்டோம். அங்கன முடிய பதினஞ்சு நாளு ஆகும்.”

“பரவாயில்ல” என்றேன்.

பாத்திஹா நாளில் தோட்டத்தில் ஆள்விட்டு வேலை நடத்தினார் என்று ஊர் பேசும் என அஞ்சினேன். ஊர் எதுவும் பேசியிருக்காது. இருக்கிறவர்கள் தங்கள் தொழிலைப் பார்ப்பதை எங்கள் மார்க்கம் எங்கும் தடுக்கவில்லை. அதை நன்கு அறிந்தவன் நான். அறிந்திருந்தும், வந்து நின்ற எட்டுக் கத்தரிகளையும் என் வாயால் திருப்பி அனுப்பினேன்.

ஏழாம் நாள் முடிந்து பிள்ளைகள் இருவரும் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினார்கள். எட்டாம் நாள் காலையில் தோட்டத்துக்குப் போனேன். பந்தல் மஞ்சளித்திருந்தது. காலடியில் இலைகள் நொறுங்கின. தெற்கே மலைமேல் மேகம் கட்டியிருந்தது. அங்கேயே நின்று, தெரிந்த கவாத்துக் குழுக்கள் அனைத்தையும் தொலைபேசியில் அழைத்தேன். ஐப்பசி மழைக்கு முன் எல்லாருக்கும் அதே அவசரம். ஒருவரிடமும் நாள் இல்லை. “மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல சார்” என்று ஒருவர் சொன்னார். அவருக்கு விவரம் தெரியாது.

ஆகவே நானே வெட்டுவது என்று முடிவு செய்தேன்.

அவளுடைய கத்தரி அடுக்களை அலமாரியில், தேங்காயெண்ணெய் ஊறிய துணிக்குள் இருந்தது. அளவில் சிறியது. கைப்பிடியின் ஒரு பக்கம் அவளுடைய கட்டைவிரல் பட்டுப் பட்டு வழுவழுப்பாகியிருந்தது. என் கைக்குள் அது பாதி மறைந்துவிட்டது. எனினும் வெட்டியது, வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அன்று மாலைவரை வேலை செய்தும் முதல் வரிசையில் பன்னிரண்டு கொடிகளைக்கூட முடிக்க முடியவில்லை. பந்தல் வேலை முழுவதும் அண்ணாந்து செய்வது. என் வயதில் கைகள் தலைக்கு மேல் அரை மணிக்கு மேல் நிற்பதில்லை.

பிழை செய்தது அன்று மாலையில். ஒரு கொடியின் நோய் கத்தரி வழியாக மறு கொடிக்குப் போகும் என்று எங்கோ படித்திருந்தேன். இந்தத் தோட்டத்துக்கு நான் இதுவரை எதுவும் செய்ததில்லை. இதையாவது சரியாகச் செய்வோம் என்று, ஒரு வாளித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, அதில் கத்தரியைப் போட்டேன். பத்து நிமிடத்தில் எடுத்துத் துடைப்பதாக இருந்தேன். அப்போது துக்கம் விசாரிக்க இருவர் வந்தார்கள். அவர்கள் போன பிறகு தொழுதுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் வாளிக்குள் துரு கலங்கிய நீர் நின்றது. அலகு முழுவதும் குழிகள். சுருள்வில் கையிலெடுத்ததும் இரண்டாக முறிந்தது. குளோரின் இரும்பை என்ன செய்யும் என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் சமன்பாடாக எழுதிக் காட்டியவன் நான்.

அந்தக் கத்தரியைப் பழைய துணியிலேயே சுற்றிக்கொண்டேன். எங்கள் பள்ளத்தாக்கில் கத்தரி வாங்கப் போகிறவர்கள் வெறுங்கையுடன் போவதில்லை. தம் தோட்டத்துக் கொடியில் பென்சில் பருமனில் ஒன்று, சுண்டுவிரல் பருமனில் ஒன்று, கட்டைவிரல் பருமனில் முதிர்ந்தது ஒன்று என வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோவார்கள். அந்தக் குச்சியை வெட்டிப் பார்க்காமல் கத்தரி வாங்குவதில்லை. இதை என் மனைவி சொல்லக் கேட்டிருந்தேன். முந்தைய நாள் வெட்டியவற்றிலிருந்து மூன்று பருமனிலும் நான்கு நான்கு குச்சிகளாகக் கட்டி எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் பேருந்து ஏறினேன்.

கடைக்காரருக்கு என்னைத் தெரியும், அடக்கத்துக்கு வந்திருந்தார். முக்காலியில் அமர்ந்திருந்த இன்னொருவர் ஓடைப்பட்டிக்காரர், திராட்சை விவசாயி. தம் கத்தரிக்கு வில் மாற்ற வந்தவர். நான் சாக்கைப் பிரித்ததும் அவர் எட்டிப் பார்த்தார்.

“அளவு வாரியாக் கட்டிக் கொண்டாந்துருக்காகளே. பரிச்சைக்கு வந்த மாதிரில்ல இருக்கு.”

“பரிச்சை கத்திரிக்கு. சாருக்கு இல்ல” என்றார் கடைக்காரர்.

நான் முதலில் அவளுடைய கத்தரியை மேசைமேல் வைத்தேன். சரிசெய்ய முடியுமா என்று கேட்டேன். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“எதுல போட்டீக?”

சொன்னேன்.

“பிளீச்சிங்லயா. நீங்க கெமிஸ்ட்ரிதான சார் எடுத்தீக?”

“ஆமா” என்றேன்.

“சாணை பிடிச்சா வராதா?” என்று அடுத்துக் கேட்டேன்.

“குழி மறையிற வரைக்கும் தேச்சம்னா அப்பறம் அலகே இருக்காது சார். இனிமே ஸ்பிரிட்டத் துணியில நனைச்சுத் தொடைங்க. வேலை முடிஞ்சா எண்ணெயப் போடுங்க. அம்புட்டுத்தேன்.”

அலகை மட்டுமாவது மாற்றலாமா என்றேன். அந்த அலகு இப்போது வருவதில்லை என்றார். பழைய சரக்கில் எங்காவது இருக்குமா, மதுரையில் கிடைக்குமா, எழுதிக் கேட்டால் அனுப்புவார்களா என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். என் குரல் சற்று உயர்ந்திருக்க வேண்டும். ஓடைப்பட்டிக்காரர் தம் கத்தரியைப் பார்க்கத் தொடங்கினார். “புதுசு பாப்போம் சார். மழை காத்துக்கிட்டு நிக்காது” என்று கடைக்காரர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

ஒரு நல்ல கவாத்துக் கத்தரியை எப்படித் தேர்வது என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் கற்றேன். முதலில் காட்டியது, ஒற்றை அலகு ஒரு தட்டையான பட்டைமேல் வந்து இறங்கும் வகை. பென்சில் பருமக் குச்சியை வெட்டினேன். வெட்டுவாயில் பட்டை நசுங்கி நார் நீட்டியிருந்தது.

“அது காஞ்ச வேலிக்கு ஆகும். பச்சைக் குச்சிய நசுக்கிப்புடும். நசுங்குன எடத்துல இருந்து கண்ணு வரைக்கும் கருகி எறங்கும்” என்றார் ஓடைப்பட்டிக்காரர்.

“ஏங்க, விக்கிறவன் நானா நீங்களா?”

“நீ வித்தா மொதல்ல அதத்தான விப்ப.”

அடுத்தது, இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் வகை. கொடிக்கு இதுதான். மூடிய நிலையில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அலகுகளுக்கு இடையே ஒளி தெரியக் கூடாது. நனைத்த காகிதத்தை மடியாமல் வெட்ட வேண்டும். முதிர்ந்த குச்சியை வெட்டும்போது மணிக்கட்டு திரும்பக் கூடாது. வெட்டுவாயை நகத்தால் தடவினால் வழுக்க வேண்டும். வில் அளவுக்கு மேல் விறைப்பாக இருந்தால் நூறு வெட்டுக்குப் பிறகு விரல் திறக்காது. தளர்வாக இருந்தால் கத்தரி திறக்காது. பூட்டைக் கட்டைவிரலாலேயே தள்ள முடிய வேண்டும், மறு கை பந்தலைப் பிடித்திருக்கும் என்பதால்.

இந்தப் பரிசோதனைகளில் தேறியவை நான்கு. நான்கையும் நான் வேண்டாம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே காரணம் சொன்னேன்: பெரிதாக இருக்கிறது. கடைக்காரர் உள்ளே போய் இன்னும் இரண்டு கொண்டுவந்தார். அவற்றையும் பெரிது என்றேன். அவர் என் வலக்கையைப் பிடித்து விரித்து, ஒரு கத்தரியை உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

“சரியா உக்காந்திருக்குல்ல சார்? இதுக்கு மேல எப்படிச் சின்னதா வேணும்?”

“விரலுக்கு எட்டாது” என்றேன்.

“எட்டியிருக்கே.”

“அவளுக்கு எட்டாது.”

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அந்த ஒரு மணி நேரமும், ஒவ்வொரு கத்தரியையும் வாங்கி என் கையில் பிடித்தவாறே, அதை அவளுடைய கையில் வைத்து அளந்துகொண்டிருந்தேன். மோதிர விரல் எங்கே மடியும், சுண்டுவிரல் எதைத் தொடாமல் நிற்கும் என்று பார்த்திருக்கிறேன். அவள் கைக்குப் பொருந்தாதது எனக்கு வேண்டாததாகப் பட்டிருக்கிறது. அப்படி அளந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் என் மனதில் அவள் வீட்டில் இருந்திருக்கிறாள்.

கடைக்காரர் என் கையை விடவில்லை. ஓடைப்பட்டிக்காரர் எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். “குச்சி இன்னும் ரெண்டு மிச்சம் இருக்கு சார். வெட்டிப் பாத்துருங்க” என்றார். வெட்டினேன். நகத்தால் தடவினேன். வழுக்கியது. அதையே வாங்கிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து தோட்டம்தான். எத்தனை கண் விட வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, பந்தலிலேயே எழுதியிருந்தது. குழுவினர் முன்னால் நீளக் கிளைகளைக் குறைத்துப் போக, கண் எண்ணிக் கடைசி வெட்டைப் பின்னால் அவளே வெட்டுவாள். சென்ற கவாத்தில் அவள் வெட்டிய இடங்கள் சாம்பல் நிறத்தில் அப்படியே இருந்தன. தடித்த குச்சியில் நான்கு கண், மெலிந்ததில் இரண்டு. கண்ணுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து வெட்டியிருந்தாள், மழைநீர் கண்ணின்மேல் வடியாமல் இருக்க. நிழல் விழும் மூலையில் ஒரு கண் குறைத்திருந்தாள். பத்தொன்பது ஆண்டுகள் அவள் அருகில் அமர்ந்து நான் என்னென்னவோ படித்திருக்கிறேன், இதைப் படிக்கவில்லை. இப்போது ஒவ்வொரு வெட்டாகப் படித்தேன். புதிதாக வளர்ந்த கிளைகளை மட்டும் அவள் கணக்குப்படி குறைத்தேன். அவள் வெட்டிவிட்டிருந்த அடிக்கட்டைகளைத் தொடவில்லை. நான்கு நாளில் நான்கு வரிசை முடிந்தன. ஏழு வரிசை மீதமிருந்தன. மேகம் மலையிலிருந்து இறங்கிச் சுருளிப்பட்டிக்கு மேலே வந்திருந்தது.

நான்காம் நாள் மாலை, ஓடைப்பட்டியில் அன்றைய வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் குழுத்தலைவி தோட்டத்துக்குள் வந்தார். பந்தலுக்கடியில் அண்ணாந்து பார்த்தவாறே ஒரு வரிசை முழுவதும் நடந்தார்.

“வெட்டு சுத்தமா இருக்கு சார். சும்மா சொல்லக் கூடாது.” பிறகு நின்றார். “பழைய கட்டைய ஏன் அப்படியே விட்டுருக்கீக?”

நான் கத்தரியின் பூட்டைத் தள்ளி மூடினேன்.

“அடியில வந்த குச்சிய மட்டும் வச்சுக்கிட்டு, அதுக்கு மேல இருக்க பழைய கட்டையோட எறக்கி வெட்டணும் சார். இப்படி விட்டா ஒவ்வொரு கவாத்துக்கும் கொடி ஒரு சாண் நீண்டுக்கிட்டே போகும். அங்கன நுனியில ரெண்டு கொல வரும், இங்கன மொட்டையாக் கெடக்கும். ரெண்டு வருசத்துல பந்தல் வீணாப் போகும்.”

“அது அவ வெட்டுனதும்மா.”

“தெரியுது சார். அம்மா வெட்டு எங்களுக்குத் தெரியாதா.” அவர் சற்று நேரம் ஒரு கட்டையின் நுனியைக் கட்டைவிரலால் தடவினார். “அம்மாவும் போன தடவ தான் வெட்டுனதத் தானேதேன் எறக்கி வெட்டுவாக. ‘நேத்து வச்ச கொழம்பு மாதிரிடி, இன்னைக்கி ஆகாது’ன்னு சொல்லிச் சிரிப்பாக. ஒருக்காக்கூட விட்டுவச்சதில்ல.”

கத்தரிக்காக என்னிடம் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. “நாளைக்கி ஓடைப்பட்டிக்குப் போறதுக்கு முந்தி வெள்ளன வந்து நானும் ரெண்டு மணி நேரம் வெட்டுறேன். கூலிக்கு இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளிச்சம் இன்னும் சிறிது இருந்தது. இரண்டாம் வரிசையின் முதல் கொடிக்குப் போய், அவள் விட்டிருந்த கட்டையைப் பிடித்து, அடியில் வந்த குச்சிக்கு மேலே கத்தரியை வைத்தேன். வெட்டினேன். விரல் நீளத் துண்டு ஒன்று காலடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். அதன் ஒரு முனையில் அவளுடைய வெட்டு, சாம்பல் பூத்து, சாய்வாக. மறு முனையில் என்னுடையது, பச்சையாக, ஈரமாக. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அடுத்ததும் அப்படியே விழுந்தது. பை நிறைந்ததும் நிறுத்திக்கொண்டேன். ஒரு கொடியில் முப்பது, நாற்பது கட்டைகள் இருக்கும். எல்லாவற்றையும் எங்கே கொண்டுபோய் வைப்பது?

அதற்கு மேல் ஐந்து நாள். குழுத்தலைவி சொன்னபடி நாள்தோறும் விடியலில் வந்து முன்னால் வெட்டிக்கொண்டு போனார். நான் பின்னால் வெட்டினேன். அவள் வெட்டிய நுனிகள் ஒவ்வொன்றாகப் பந்தலை விட்டு இறங்கின. கைகள் மரத்துப்போன பிறகு வெட்டுவது எளிதாக இருந்தது. பதினோராம் வரிசையில் எட்டுக் கொடிகள் மீதமிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே முடித்தேன்.

வெட்டிய குச்சிகளைத் தோட்டத்தில் விடக் கூடாது. அவற்றிலிருக்கும் நோய் புதுத் துளிருக்கு ஏறும். எல்லாவற்றையும் வாரி, கிணற்றுக்கு அப்பால் குவித்தேன். என் சட்டைப்பையில் இருந்தவற்றையும் அந்தக் குவியலில் போட்டேன். ஈரத்தில் தீ பற்றவில்லை. செய்தித்தாளைத் திணித்தேன், மண்ணெண்ணெய் ஊற்றினேன், புகைந்து அணைந்தது. நான்கு நாள், மழை விட்ட நேரமெல்லாம், குவியலின் அருகே குந்தித் தீக்குச்சி கிழித்துக்கொண்டிருந்தேன். எரித்துவிட வேண்டும் என்ற அவசரமும், பற்றாமல் இருக்க வேண்டும் என்ற வேண்டுதலும் ஒரே கையில் இருந்தன. ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. பற்றிக்கொண்டது. பிற்பகலுக்குள் சாம்பலாகிவிட்டது.

கவாத்து முடிந்த பதினான்காம் நாள் கண்கள் உப்பித் திறந்தன. அவளுடைய கத்தரியால் நான் தொடங்கிய முதல் வரிசை உட்படப் பதினொரு வரிசையிலும் இளஞ்சிவப்பாகத் துளிர் தெரிந்தது. குழுத்தலைவி தொலைபேசியில் அழைத்தார். மழை ஈரத்துக்கு முதல் மருந்தை உடனே அடித்துவிட வேண்டும், ஒரு நாள் தள்ளினாலும் துளிர் கருகிவிடும், அம்மா எப்போதும் தம் கையாலேயே கலந்து தருவார் என்றார்.

மருந்து அறையைத் திறந்தேன். பலகையில் ஏழெட்டுப் புட்டிகள், மூன்று பொட்டலங்கள், ஓர் அளவுக் குவளை. எதை, எத்தனை மில்லி, எதனுடன் சேர்த்துக் கலப்பாள் என்று அவள் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு புட்டியாக எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலே ஒட்டியிருந்த தாளை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.